முச்சந்திக் காட்டுத்தீ: முதல் ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஒப்பந்தம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிப்ரவரி பிறந்தால் காட்டுத்தீச் செய்திகள் வரத் தொடங்கும். கூடவே ஹெலிகாப்டர் வேண்டும், ட்ரோன் வேண்டும், கூடுதல் நிதி வேண்டும் என்ற கோரிக்கைகளும் வரும். அவை எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் முதுமலை, கர்நாடகத்தின் பந்திப்பூர், கேரளத்தின் வயநாடு மூன்றும் ஒட்டிக்கிடக்கும் முச்சந்திக் காட்டில் சின்னத் தீ பெரிய தீயாவதற்குக் கருவிப் பஞ்சத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் வனச் சரகமும் அந்தப் பக்கம் நிற்கும் சரகமும் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது இன்றைக்கும் பெரும்பாலும் இரு பக்க அலுவலர்களின் தனிப்பட்ட பழக்கத்தை நம்பியே ஓடுகிறது. பழகியவர் மாற்றலாகிப் போனால் தொலைபேசி எண்ணும் அவரோடு போய்விடும்.

2019 பிப்ரவரி 21 முதல் சில நாட்கள் பந்திப்பூரில் எரிந்த தீயில் 4,000 ஹெக்டேருக்கு மேல் போனது. தீ எல்லை தாண்டி முதுமலைக்குள்ளும் வந்தது. கடைசியில் விமானப்படையின் எம்.ஐ-17 ஹெலிகாப்டர்கள் வாளி கட்டித் தண்ணீர் கொட்டின. இந்தக் காட்டின் தன்மையே அப்படி. இலையுதிர் காடு, பிப்ரவரியில் தேக்கும் மருதும் இலை கொட்டித் தரை முழுக்கச் சருகு. அதன் மேல் ஆள் உயரப் புல், பூத்துக் காய்ந்த மூங்கில், எங்கு பார்த்தாலும் உண்ணிச்செடி. உண்ணிச்செடி பாதிப் பச்சையாக இருந்தாலும் எரியும். தரையில் ஓடும் தீயை மரத்தின் கிளை வரைக்கும் ஏற்றிவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. காற்றும் தரையும் மாறாமல் இருந்தால் தீயின் சுற்றளவு நேரத்துக்கு நேராக வளரும்; பரப்பு நேரத்தின் வர்க்கமாக வளரும். அரை மணியில் 10 ஹெக்டேர் பிடித்த தீ ஒரு மணியில் 40, இரண்டு மணியில் 160 ஹெக்டேரைப் பிடிக்கும். வட்டமாகவே எரிகிறது என்று வைத்துக்கொண்டால் 10 ஹெக்டேருக்குச் சுற்றளவு 1.1 கிலோமீட்டர், 160 ஹெக்டேருக்கு 4.5 கிலோமீட்டர். காற்று தள்ளினால் வட்டம் நீளும், சுற்றளவு இதைவிடக் கூடும். பத்துப் பேர் கொண்ட குழு சருகுக் காட்டில் மணிக்கு 300 மீட்டர் நீளத்துக்குத் தீ தாண்டாதபடி தரையைச் சுத்தமாக்கினால் நல்ல வேலை. அரை மணியில் நான்கு குழு வந்து சேர்ந்தால் அவர்கள் முன்னால் இருப்பது 1.1 கிலோமீட்டர் வேலை. இரண்டு மணி கழித்து அதே நான்கு குழு வந்தால் 4.5 கிலோமீட்டர், அதாவது நான்கு மடங்கு வேலை. எல்லையோரத்தில் அரை மணிக்குள் வந்து சேரக்கூடிய நான்கு குழுக்களில் குறைந்தது இரண்டு, அடுத்த மாநிலத்துக் குழுக்களாகத்தான் இருக்கும்.

அந்த முதல் மணி எங்கே தொலைகிறது என்று பார்ப்போம்.

முதலில் எச்சரிக்கை. இந்திய வன அளவைத் துறை 2004 முதல் செயற்கைக்கோள் மூலம் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பழைய மோடிஸ் உணர்வியின் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். இப்போது பயன்படும் விர்ஸ் உணர்வியில் 375 மீட்டர். குறுஞ்செய்தியில் வரும் புள்ளி அந்தக் கட்டத்தின் நடுப்புள்ளி. தீ அந்தப் புள்ளியிலேயே இருக்க வேண்டியதில்லை. இரு நூறு மீட்டர் தள்ளியும் இருக்கலாம். எல்லை என்பது ஓர் ஓடையாக இருக்கும் இடத்தில் இந்த இரு நூறு மீட்டரில் மாநிலமே மாறிவிடும். எச்சரிக்கை போவதோ பீட் (ஒரு வனக்காப்பாளரின் பகுதி), சரகம், கோட்டம் என்ற நிர்வாக எல்லைப்படி. ஆகவே ஓடைக்கு இக்கரையில் எரியும் தீக்கு அக்கரைக்காரரின் கைப்பேசி ஒலிக்கும். அவர் பார்த்துவிட்டு "நம்ம பக்கம் ஒன்றுமில்லை" என்று மூடிவைத்தால் அவர் மேல் குற்றமில்லை.

இதற்குச் செலவே இல்லாத தீர்வு உண்டு. எச்சரிக்கைக்குப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு எல்லைச் சரகமும் தன் சரகத்தோடு, ஒட்டியுள்ள அடுத்த மாநிலச் சரகங்களையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். சரகர் மட்டும் போதாது. வனவர், எல்லையோர முகாமின் பொறுப்பாளர் இருவருடைய எண்களும் வேண்டும். எல்லைக்கு இரு பக்கமும் 5 கிலோமீட்டர் வரை வரும் எந்தப் புள்ளியையும் இரு பக்கமும் தம்முடையதாகவே எடுத்துக்கொண்டு, 15 நிமிடத்துக்குள் "பார்த்தோம், போகிறோம்" அல்லது "பார்த்தோம், நீங்கள் அருகில் இருக்கிறீர்கள், போங்கள்" என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மௌனம் பதிலாகக் கூடாது.

செயற்கைக்கோளை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். விர்ஸ் உணர்வி உள்ள கோள்கள் இந்தப் பகுதியைக் கடப்பது மதியம் ஒன்றரை மணி வாக்கிலும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கிலும். மதியம் இரண்டரைக்கு, அதாவது வெயிலும் காற்றும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வைத்த தீ, அதன் கண்ணில் பட இரவாகிவிடும். அந்தப் பொழுது முழுக்கக் கண்காணிப்புக் கோபுரத்தில் இருக்கும் ஆள்தான் நமக்குக் கண். ஒரு கோபுரத்திலிருந்து புகை தெரிந்தால் திசை மட்டுமே கிடைக்கும், தூரம் கிடைக்காது. மலைக்குப் பின்னால் எழும் புகை பக்கத்து மேட்டில் எழுவது போலவே தெரியும். இரண்டு கோபுரங்கள் திசைகாட்டியில் பாகை பார்த்துச் சொன்னால், வரைபடத்தில் இரு கோடும் வெட்டும் இடம்தான் தீ. பத்து கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாகை பிசகினால் வரும் பிழை 175 மீட்டர். இது செயற்கைக்கோள் தரும் பிழைக்குச் சமம். மாயாற்றுக்கு இக்கரையில் ஒரு கோபுரமும் அக்கரையில் ஒரு கோபுரமும் சேர்ந்தால் கிடைக்கும் கோணம், ஒரே மாநிலத்தின் இரண்டு கோபுரங்கள் தரும் கோணத்தைவிடப் பல இடங்களில் நன்றாக இருக்கும். 1,454 மீட்டர் உயரமுள்ள கோபாலசுவாமி பெட்டாவிலிருந்து இரு மாநிலக் காடும் தெரியும். அங்கே நிற்பவர் பார்ப்பதை இங்கே இருப்பவர் அதே நிமிடத்தில் கேட்க வழி இருக்க வேண்டும்.

அடுத்தது இடத்தைச் சொல்வது. ஒரே ஓடைக்குத் தமிழில் ஒரு பெயர், கன்னடத்தில் ஒரு பெயர், மலையாளத்தில் வேறு ஒன்று. இதைத் தவிர்க்க ஆயத்தொலைவு, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், சொல்கிறார்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கருவி 11 பாகை 35.5 நிமிடம் என்று காட்டும், இன்னொன்று 11.5917 பாகை என்று காட்டும். இரண்டும் ஒரே இடம், தெப்பக்காட்டுப் பக்கம். முதல் எண்ணை அவசரத்தில் "பதினொன்று, முப்பத்தைந்து, ஐந்து" என்று வாக்கி-டாக்கியில் சொல்ல, கேட்டவர் 11.355 என்று தட்டினால் புள்ளி 26 கிலோமீட்டர் தெற்கே, குன்னூர் இருக்கும் அட்சரேகையில் போய் விழும். ஐந்து கிலோமீட்டர் பிசகென்றால் யாரும் கவனிக்காமல் வண்டியை எடுத்துவிடுவார்கள். 26 கிலோமீட்டர் என்றால் குழப்பம், மறுபடி கேட்பது, பத்து நிமிடம் போச்சு. மூன்று மாநிலமும் தசமப் பாகை, புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்று முடிவு செய்து, எல்லாக் கருவிகளிலும் அமைப்பை ஜனவரியிலேயே மாற்றிவிட்டால் தீர்ந்தது. நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர் துல்லியம். தீக்கு அது தாராளம். கூடவே எல்லையின் இரு பக்கமும் சேர்த்து ஒரு கிலோமீட்டர் கட்டம் போட்டு, கட்டத்துக்கு எண் கொடுத்து அச்சிட்ட ஒரே வரைபடம் எல்லா முகாம் சுவரிலும் தொங்க வேண்டும். அதில் தண்ணீர் எடுக்கும் குட்டைகள், வண்டி போகும் தடங்கள், பூட்டிய கேட்டின் சாவி யாரிடம் என்பது வரை இருக்க வேண்டும். பூட்டிய கேட்டுக்கு முன்னால் தீயணைப்பு வண்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும்.

ரேடியோ விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பள்ளத்தாக்கில் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாது, வாக்கி-டாக்கிதான். ஒவ்வொரு மாநில வனத்துறைக்கும் ஒன்றிய தொலைத்தொடர்புத் துறை தனித்தனி அலைவரிசை ஒதுக்கியிருக்கிறது. பக்கத்து மாநிலத்தின் அலைவரிசை எண்ணைக் கருவியில் ஏற்றினால் மட்டும் பேச முடியாது. அழுத்திப் பேசும்போது குரலோடு காதுக்குக் கேட்காத ஒரு தொனியும் போகிறது. அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் அந்தத் தொனியைப் பார்த்துத்தான் திறக்கும். தொனி ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் கத்துவது யாருக்கும் கேட்காது. ஒரு மாநிலம் டிஜிட்டலுக்கு மாறி, மற்றது பழைய அனலாக்கிலேயே இருந்தால் அலைவரிசை ஒன்றாக இருந்தும் பயனில்லை. அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

சரியான வழி, முச்சந்திக்கு என்று ஒரு பொது அலைவரிசையை மூன்று மாநிலமும் சேர்ந்து கேட்டுப் பெறுவது. அதை ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் அனலாக் தடமாக வைப்பது. எல்லாக் கருவியிலும் ஒரே எண்ணுள்ள தடத்தில் ஏற்றுவது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். புகைக்குள் நிற்பவர் திரையைப் படிக்க மாட்டார்; "16-க்கு வா" என்றால் குமிழைக் கடைசி வரை திருப்புவார், அவ்வளவுதான். அனுமதி வரும் வரை ஒரு குறுக்குவழி: ஒவ்வொரு எல்லைச் சரகத்திலும் அடுத்த மாநிலத்தின் இரண்டு கைக்கருவிகளைச் சார்ஜரோடு முறைப்படி ஒப்படைத்து வைப்பது. தீ என்றால் ஒன்றை எடுத்து நம் குழுத் தலைவர் கையில் கொடுத்தால் போதும்.

இனி எல்லையைத் தாண்டுவது. இங்கேதான் நல்லெண்ணம் உள்ளவர்களும் தயங்கி நிற்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. யானை நடமாடும் காட்டில் தீயணைக்கப் போகும் குழுவோடு துப்பாக்கியுள்ள காவலர் ஒருவர் போவது வழக்கம். அவர் எல்லையைத் தாண்டிய நிமிடமே கேள்வி எழும். துப்பாக்கியை விட்டுவிட்டுப் போனால் யானைக்கு யார் பதில் சொல்வது? தீப்பருவத்துக்கு மட்டும் செல்லுபடியாகும்படி, எல்லையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் வரை, இன்னின்ன பெயருள்ளவர்கள், இன்னின்ன ஆயுதம் என்று பட்டியலிட்டு ஜனவரியிலேயே அனுமதி வாங்கி வைத்தால் தயக்கம் போகும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கசப்பானது. தீக்காவலர்களில் பெரும்பாலோர் பருவத்துக்கு மட்டும் எடுக்கப்படும் தற்காலிக ஆட்கள். குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். காட்டையும் காற்றையும் அவர்களைவிட அறிந்தவர் யாருமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய உறவுக்காரர்களே வேலை செய்வார்கள், மொழிச் சிக்கலும் வராது. ஆனால் தமிழ்நாட்டுத் தினக்கூலியில் இருக்கும் ஒருவர் கர்நாடகக் காட்டில் தீக்காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, உயிரே போனால் இழப்பீடு எந்த மாநிலம் தரும் என்பதை எழுதி வைக்காமல் அவரை எல்லை தாண்டச் சொல்வது நியாயமாகாது. இது வெறும் கற்பனை பயமில்லை. 2017 பிப்ரவரியில் பந்திப்பூர்த் தீயில் ஒரு வனக்காப்பாளர் இறந்தார். 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் அருகே மூன்று வனக்காவலர்கள் இறந்தார்கள். அனுப்பும் மாநிலமே காப்பீடும் இழப்பீடும் தரும், எந்த மண்ணில் நடந்தாலும் பணியில் நடந்ததாகவே கொள்ளப்படும் என்ற இரண்டு வரி போதும்.

குழுக்கள் வந்து சேர்ந்த பிறகு, யார் சொல்வதை யார் கேட்பது? கலிபோர்னியாவில் 1970 செப்டம்பர், அக்டோபரில் 13 நாள் எரிந்த தீகளில் 16 பேர் இறந்தார்கள்; 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. வண்டிகளும் ஆட்களும் போதாமை மட்டும் அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. ஒரு துறையின் வண்டிகள் வடக்கே தீக்குப் போய்க்கொண்டிருக்க, இன்னொரு துறையின் வண்டிகள் அதே சாலையில் எதிரே தெற்கே வேறு தீக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆளுக்கொரு அலைவரிசை, ஆளுக்கொரு குறியீடு. அதன் பிறகுதான் கூட்டாட்சி வனத்துறை, மாநில வனத்துறை, மாநில அவசரப் பணித்துறை, மூன்று மாவட்டத் தீயணைப்புத் துறைகள், லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தீயணைப்புத் துறை என ஏழு அமைப்புகள் சேர்ந்து ஒரே தலைமை முறையை உருவாக்கின. எண் குறியீடுகளை விட்டு வெறும் பேச்சு மொழியில் பேசுவது, ஒருவர் ஒரே தலைவருக்கு மட்டும் பதில் சொல்வது, ஒரு தலைவருக்குக் கீழே ஐந்து பேர் அளவே இருப்பது போன்றவை அந்த முறையின் எளிய விதிகள். நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் அதை ஒட்டியவைதான். ஆக, புத்தகம் நம்மிடம் இருக்கிறது. சரக அளவில் அதை இறக்கவில்லை.

இறக்குவது கடினமுமில்லை. தீ எந்த மாநிலத்து மண்ணில் இருக்கிறதோ அந்தச் சரகரே தலைமை. எல்லையின் இரு பக்கமும் எரிந்தால் இரு சரகரும் ஒரே இடத்தில், ஒரே வரைபடத்துக்கு முன்னால் நின்று ஒரே திட்டம் போட வேண்டும். ஆளுக்கொரு முகாம் போட்டுத் தொலைபேசியில் பேசுவது கூட்டுத் தலைமை ஆகாது. வந்த குழுவைப் பிரித்து அங்கொருவர் இங்கொருவராகப் போடக் கூடாது. பத்துப் பேரும் தங்கள் தலைவரின் கீழேயே இருக்க, அந்தத் தலைவர் மட்டும் களத் தலைமையிடம் உத்தரவு வாங்க வேண்டும். உள்ளே போகுமுன் ஒரே இடத்தில் தலை எண்ணிப் பெயர் எழுத வேண்டும். வெளியே வரும்போது அதே இடத்தில் அடித்துவிட வேண்டும். இந்தப் பதிவு இல்லாததால், "எல்லாரும் வந்தாச்சா" என்ற கேள்விக்கு இரண்டு மாநிலமும் இரண்டு எண் சொல்லி, வீடு போய்ச் சேர்ந்த ஆளை இரவு முழுக்கப் புகைக்குள் தேடும் கூத்து நடக்கும்.

எல்லா விதிகளிலும் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது எதிர்த்தீ பற்றிய விதி. தீ நாக்கு மார்பளவு, அதாவது 1.2 மீட்டருக்குள் இருந்தால் தழையாலும் தீத்தட்டியாலும் அடித்து நேராக அணைக்கலாம். அதற்கு மேல் 2.4 மீட்டர் வரை தண்ணீரும் இயந்திரமும் வேண்டும். அதையும் தாண்டினால் முகப்பில் மனிதருக்கு வேலையில்லை. முன்கூட்டியே ஒரு பாதையையோ ஓடையையோ பிடித்து, அங்கிருந்து எதிர்த்தீ வைத்து, வரும் தீக்கு எரிபொருள் இல்லாமல் செய்ய வேண்டும். ஒரே குழு என்றால் இது நல்ல உத்தி. எல்லையில் இதுவே கொலைக்கருவி. அக்கரைக் குழு ஓடையோரத்தில் எதிர்த்தீ வைக்கும் நேரத்தில் இக்கரைக் குழு பக்கவாட்டில் தீயை அடித்துக்கொண்டே அதே ஓடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தால், இரண்டு தீக்கு நடுவே பத்துப் பேர். இரண்டு தீ நெருங்கும்போது ஒன்றை ஒன்று இழுத்து வேகம் பிடிக்கும். கடைசி ஐம்பது மீட்டரை மனிதன் ஓடிக் கடக்க முடியாது.

ஆகவே எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் எதிர்த்தீ வைக்குமுன், இடம், நேரம், எந்தத் திசையில் எரியும் என்ற மூன்றையும் பொதுத் தடத்தில் சொல்லி, எதிர்ப்பக்கத் தலைவர் அதைத் திருப்பிச் சொல்லி, தம் ஆட்களின் எண்ணிக்கை சரியாக வெளியே இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே தீக்குச்சியை உரச வேண்டும். பதில் வராவிட்டால் வைக்கக் கூடாது. காடு இன்னும் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.

சரிவில் விதி இன்னும் கடுமை. சரிவு பத்துப் பாகை கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். இருபது பாகைக்கு நான்கு மடங்கு. புல் சரிவில் தீக்கு மேலே யாரும் நிற்கக் கூடாது, மேல்நோக்கி ஓடவும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியதும் புல் சரிவில் ஏறிய தீதான். அந்த மலையேற்றப் பாதையின் மேல் முனையான கொழுக்குமலைக்கு வாகனத்தில் போவது கேரளத்தின் சூரியநெல்லி வழியாக; இறங்குவது தேனி மாவட்டத்துக்கு. தீ அபாய நாளில் கீழ்முனையை மட்டும் மூடுவதால் என்ன பயன்? மேல் முனையில் ஆள் நுழைவதை நிறுத்தும் அதிகாரமும் தகவலும் அதே மணி நேரத்தில் அந்தப் பக்கத்துக்கும் போக வேண்டும்.

தீயணைப்புத் துறையையும் இதில் சேர்த்தாக வேண்டும். கூடலூர், குண்டலுப்பேட்டை, சுல்தான் பத்தேரி நிலையங்களின் வண்டிகள் தார்ச் சாலையை விட்டு அதிகம் இறங்க முடியாது. நிமிடத்துக்கு 450 லிட்டர் வீசும் குழாய்முனை 4,500 லிட்டர் தொட்டியைப் பத்து நிமிடத்தில் காலி செய்துவிடும். காட்டுக்குள் முப்பது மீட்டர் நனைந்திருக்கும். அதே தண்ணீரை 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான்களில் நிரப்பினால் 280 தடவை வரும். முதுகுத் தெளிப்பான் ஆள் ஒருவர், சருகை இயந்திரத்தால் ஊதித் தள்ளும் காற்றூதிக்காரருக்குப் பின்னால் நடந்து, மிஞ்சிய கங்கை நனைத்துக்கொண்டே போனால் ஒரு வண்டித் தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் உழைக்கும். வண்டியை நடமாடும் தண்ணீர்த் தொட்டியாகப் பாருங்கள் என்று அந்தத் துறைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். சாலையில் நின்று பேச அப்போது நேரமிருக்காது.

காற்றூதி என்றதும் ஒரு சின்ன விஷயம். இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) இயந்திரத்துக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். சில மாடல்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி, சிலவற்றுக்கு 40 மில்லி. வழக்கமான நான்கு வீச்சு இயந்திரத்துக்குக் கலக்கவே கூடாது. இரு மாநிலக் கேன்களும் ஒரே மரத்தடியில் ஒரே நிறத்தில் நின்றால் எவரோ வெறும் பெட்ரோலை இரண்டு வீச்சு இயந்திரத்தில் ஊற்றுவார். சற்று நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், தீக்கோட்டில் ஓர் இடைவெளி விழும். கேனில் பெயிண்டால் அளவை எழுதுங்கள். ஒரு பிரஷும் ஒரு டப்பா பெயிண்டும்தான் செலவு.

ஹெலிகாப்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாளிக்குச் சுமார் 3,500 லிட்டர். தீயின் சூட்டைக் கொஞ்ச நேரம் குறைக்கும். அந்த நேரத்துக்குள் தரையில் ஆள் போய்க் கோட்டை முடிக்காவிட்டால் மறுபடி பற்றும். அது பறக்கும்போது யாருடைய ட்ரோனும் மேலே இருக்கக் கூடாது என்பதை மூன்று மாநிலமும் பொதுத் தடத்தில் அறிவிக்க வேண்டும்.

தீ அணைந்த பிறகு நடப்பதுதான் எல்லையில் அதிகம் சச்சரவு தருவது. இந்தப் பக்கம் "அணைத்துவிட்டோம்" என்று ஆட்களைத் திருப்பிவிடும். மறுநாள் மதியம் அந்தப் பக்கம் பற்றிக்கொள்ளும். காய்ந்த யானை லத்தி மேலே சாம்பல் பூத்துக் குளிர்ந்தாற்போல் இருக்கும், உடைத்தால் உள்ளே செக்கச்செவேல் என்று கங்கு. காற்று எழுந்ததும் உருண்டு புல்லில் விழும். மூங்கில் புதர்த் தூரும், பொந்து விழுந்த பட்ட மரமும் அதே மாதிரி. எரிந்த ஓரத்திலிருந்து உள்ளே 30 மீட்டர் வரை ஒவ்வொரு கட்டையாகப் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்து, லத்தியைக் கிளறி நனைத்து, ஓரமாக நிற்கும் புகையும் மரத்தை உள்பக்கமாகச் சாய்த்து, குறைந்தது 48 மணி நேரம் ரோந்து விட வேண்டும். ஒப்படைப்பை வாய்ப்பேச்சில் விடாமல், "இந்தக் கட்ட எண் முதல் இந்தக் கட்ட எண் வரை பார்த்தாயிற்று, இந்த மணிக்குக் கைமாற்றுகிறோம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் பின்னால் யார் தலையில் கட்டுவது என்ற பேச்சே எழாது.

பருவத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது தீத்தடுப்புக் கோடு. எல்லைக்கோட்டில் ஒரு பக்கம் 10 மீட்டர் அகலத்துக்கு வெட்டி எரித்திருக்க, மறு பக்கம் 3 மீட்டரில் நிறுத்தியிருந்தால், அல்லது ஒருவர் கோடு மேட்டு விளிம்பிலும் மற்றவர் கோடு பள்ளத்திலுமாக ஒன்றோடொன்று சேராமல் போனால், இரண்டும் வீண். தீ சந்து பார்த்துத்தான் நுழையும். எல்லைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெட்டாமல், இரு தரப்பும் நடந்து பார்த்து, நில அமைப்புக்கு ஏற்ற ஒரே கோட்டைத் தேர்ந்து, ஒற்றைப்படைக் கிலோமீட்டரை ஒருவரும் இரட்டைப்படையை மற்றவரும் என்று பிரித்துக்கொள்ளலாம். டிசம்பரில் வெட்டி, புல்லை நடுவே குவித்து, ஏழிலிருந்து பத்து நாள் காயவிட்டு, பனி ஈரம் விட்டும் விடாமலும் இருக்கும் காலை வேளையில் காற்றில்லாதபோது எரிக்க வேண்டும். இரு ஓரத்திலும் தழையோடு ஆள் நிற்க வேண்டும். எரிக்கும் தேதியை முதல் நாளே பக்கத்து மாநிலத்துக்குச் சொல்லாவிட்டால் அவர்கள் புகையைப் பார்த்து ஆளை அனுப்புவார்கள். நாலு தடவை அப்படி ஏமாந்தால் ஐந்தாவது தடவை உண்மைத் தீக்கும் வர மாட்டார்கள்.

இதற்கெல்லாம் புதிய சட்டமோ புதிய அமைப்போ தேவையில்லை. 2024 மார்ச்சில் பந்திப்பூரில் மனித-விலங்கு மோதல் குறித்துக் கேரளமும் கர்நாடகமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. தமிழ்நாட்டின் தரப்பிலும் அலுவலர் இருந்தார். அதற்கு ஓர் இணைப்பாக நான்கு பக்கத்தில் தீ ஏற்பாட்டைச் சேர்க்கலாம். எண்கள் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் பெயர்களுக்குப் பதில் பதவிகளையும் முகாம்களின் நிரந்தர எண்களையும் போடுவது நல்லது. முதல் 12 மணி நேர உதவிக்கு யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை, அதற்கு மேல் உணவு, எரிபொருள், கூலி தீ எரியும் மாநிலத்தின் செலவு என்று எழுதிவிட்டால் கணக்குத் தணிக்கையில் சரகர் மாட்டிக்கொள்ள மாட்டார். ஒன்றிய அரசின் காட்டுத்தீத் தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டத்தில் 60:40 பங்கில் வரும் பணத்திலேயே கூட்டுப் பயிற்சிக்கும் ரேடியோவுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கலாம். சத்தியமங்கலம்-பிலிகிரிரங்கன் மலை, மேகமலை-பெரியாறு எல்லைகளுக்கும் இதே நான்கு பக்கம் பொருந்தும், இடப்பெயர்களை மாற்றினால் போதும்.

கையெழுத்தானதும் ஜனவரியில் கக்கநல்லா சோதனைச் சாவடியில் ஒரு நாள் ஒத்திகை வைக்க வேண்டும். பேச்சு, பொன்னாடை எல்லாம் வேண்டாம். ஒரு கட்ட எண்ணைப் பொதுத் தடத்தில் சொல்லி, இரு பக்கத்திலிருந்தும் முதல் குழு அங்கே வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தால் எது ஓட்டை என்று தெரிந்துவிடும். ஆனால் கோடு வெட்டும் வேலை டிசம்பரில் தொடங்குகிறது. உடன்பாடு நவம்பர் முடிவதற்குள் வந்தால் அந்த வேலைக்கு உதவும். ஜனவரிக்குத் தள்ளிப்போனால் அந்த ஆண்டுக்கு ரேடியோவும் பெயர்ப்பட்டியலும் மட்டுமே நடக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வனத்துறை அலுவலர்கள் சிலர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.